கைப்பேசி மாற்றும் முன்: தோட்டத்து ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சுங்கை சிப்புட் கடைத்தெருவில் எந்தக் கைப்பேசிக் கடைக்குள் நுழைந்தாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் பல மாதிரிகள் வரிசையாக இருக்கும். விலை அட்டைகளில் ஏறக்குறைய ஒரே எண்கள்: 50 அல்லது 108 மெகாபிக்சல் கேமரா, 8 கூட்டல் 8 ஜிபி நினைவகம், 5000 எம்ஏஎச் பேட்டரி. விலையில் நூறு, இருநூறு வெள்ளி வித்தியாசம். கடைக்காரர் ஒன்றைச் சொல்வார், வீட்டுப் பிள்ளைகள் இன்னொன்றைச் சொல்வார்கள், ஈப்போவில் வேலை செய்யும் மருமகன் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார்.

முடிவைத் தீர்மானிக்க வேண்டிய மூன்று செய்திகள் அந்த அட்டைகளில் இருப்பதில்லை. உங்கள் வீட்டிலும் வேலை இடத்திலும் அந்தக் கைப்பேசிக்குத் தொடர்பு கிடைக்குமா? இன்னும் எத்தனை ஆண்டுகளுக்கு அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும்? கெட்டுப்போனால் எங்கே கொண்டுபோய்ப் பழுது பார்ப்பது? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகுதான் கேமரா, நிறம், வேகம் எல்லாம். சம்பளம் வங்கியில் விழுகிறது, வங்கி கைப்பேசிக்குள் இருக்கிறது. சேமநிதிக் கணக்கும், பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவும், மளிகைக் கடையில் காட்டும் க்யூஆர் கட்டணமும் அதற்குள்தான் இருக்கின்றன. நகரத்தில் ஒன்று பழுதானால் அடுத்த தெருவில் சரிசெய்துவிடலாம். லிந்தாங் சாலையில் உள்ளே இருக்கும் தோட்டத்தில் வசிப்பவருக்கு ஒரு நாள் வேலை போகும்.

முதல் படி: மாற்றத்தான் வேண்டுமா?

"போன் மெதுவாகிவிட்டது" என்பதுதான் பெரும்பாலோர் சொல்லும் காரணம். அது மட்டும் போதாது. சேமிப்பிடம் நிரம்பி வழிந்தால் எந்தக் கைப்பேசியும் மெதுவாகும். வாட்ஸ்அப் அமைப்புகளில் சேமிப்பு என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். காலை வணக்கப் படங்களும் திருமண வீடியோக்களும் பல ஜிபி இடத்தைப் பிடித்திருக்கும். அவற்றை நீக்கிவிட்டு ஒரு வாரம் பயன்படுத்திப் பார்த்து, பிறகு முடிவு செய்யுங்கள்.

அடுத்தது பேட்டரி. லித்தியம் பேட்டரி தேய்வது இயல்பு. ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி 500 முழுச் சுற்று மின்னேற்றத்துக்குப் பிறகு 80 விழுக்காட்டுக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்று ஆப்பிளே சொல்கிறது. ஐபோன் 15 முதல் அது 1000 சுற்றாக உயர்ந்தது. நம் வெயிலில், மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போகும் கைப்பேசிக்குத் தேய்மானம் இன்னும் சீக்கிரம் வரும். மற்றவை எல்லாம் நன்றாக இருந்து, மதியத்துக்குள் சார்ஜ் தீர்வது மட்டும்தான் குறை என்றால், நல்ல கடையில் பேட்டரியை மாற்றுங்கள். புதிய கைப்பேசிக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.

உண்மையில் மாற்ற வேண்டிய நேரம் எது? அமைப்புகளில் பாதுகாப்புப் புதுப்பிப்பு என்ற வரியைப் பாருங்கள். அதில் உள்ள தேதி ஓராண்டுக்கு மேல் பழையதாக இருந்து, புதிதாக எதுவும் வரவில்லை என்றால், அந்தக் கைப்பேசியில் வங்கிச் செயலி வைத்திருப்பது நல்லதல்ல. செயலிகளே கைவிடுவதும் உண்டு. 2025 மே மாதம் முதல் ஐஓஎஸ் 15.1-க்குக் கீழுள்ள ஐபோன்களில் வாட்ஸ்அப் வேலை செய்வதில்லை. ஐபோன் 5எஸ், ஐபோன் 6 வைத்திருந்தவர்கள் அதில் அகப்பட்டார்கள். பேட்டரி உப்பித் திரையைத் தூக்கிக்கொண்டிருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். அதற்கு மின்னேற்றம் செய்வதையும் நிறுத்திவிடுங்கள்.

இரண்டாம் படி: உங்கள் வீட்டு வாசலில் தொடர்பைச் சோதியுங்கள்

மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டது. இதன் விளைவு பலருக்கு இன்னும் தெரியவில்லை. இப்போது அழைப்பு ஒன்று 4ஜி வழியாகப் போக வேண்டும், அல்லது பழைய 2ஜிக்கு இறங்க வேண்டும். 4ஜி வழியாகக் குரல் அழைப்பு செய்யும் வசதிக்கு வோல்ட்டி என்று பெயர். கைப்பேசியில் வோல்ட்டி இருந்தால் மட்டும் போதாது. உங்கள் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு அது அந்தக் கைப்பேசியில் இயங்கவும் வேண்டும். வெளிநாட்டுச் சந்தைக்காகத் தயாரித்ததை இங்கே கொண்டுவந்து விற்கும்போது சிக்கல் எழுவது இந்த இடத்தில்தான். இணையம் நன்றாக ஓடும், அழைப்பு வந்தவுடன் 2ஜிக்கு இறங்கும், குரல் உடையும், இணையமும் நிற்கும்.

கடையில் உங்கள் சிம்மைப் போட்டு ஓர் அழைப்பு செய்து பாருங்கள். பேசிக்கொண்டிருக்கும்போது திரையின் மேல் மூலையில் 4ஜி அல்லது வோல்ட்டி அடையாளம் நிற்கிறதா, அல்லது இ, ஜி போன்ற எழுத்தாக மாறுகிறதா என்று கவனியுங்கள். ஒரு நிமிட வேலைதான். இதைச் செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள்.

அலைவரிசை பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. குறைந்த அலைவரிசை நெடுந்தூரம் போகும், சுவரையும் மரத்தையும் ஓரளவு துளைக்கும். உயர்ந்த அலைவரிசையில் வேகம் அதிகம், எட்டும் தூரம் குறைவு. செம்பனைத் தோப்புக்கு நடுவே, குன்றுகளுக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்கு 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற குறைந்த அலைவரிசைதான் உயிர்நாடி. 4ஜியில் அது 8-ஆம் பட்டை. 5ஜியில் நம் நாட்டில் பயன்படுபவை 700 மெகாஹெர்ட்ஸும் 3500 மெகாஹெர்ட்ஸும். விவரப் பட்டியலில் என்28, என்78 என்று எழுதியிருக்கும். 5ஜி கைப்பேசி வாங்குவதானால் இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தோட்டத்துப் பக்கம் வசிப்பவருக்கு என்28 இல்லாத 5ஜி பெரும்பாலும் பெயருக்குத்தான்.

நாட்டின் 5ஜி பரப்பு 2023 இறுதியில் 80 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. அந்தக் கணக்கு மக்கள் வசிக்கும் பகுதிகளை வைத்துப் போட்டது. கடைத்தெருவில் 5ஜி எடுக்கும், சில மைல் உள்ளே போனால் 4ஜியே ஒரு கோடுதான் இருக்கும். ஆகவே, உங்கள் வீட்டு வரிசையில் யாருக்கு நல்ல தொடர்பு கிடைக்கிறது, எந்த நிறுவனத்தின் சிம், எந்தக் கைப்பேசி என்று விசாரியுங்கள். வீட்டில் ஒரு நிறுவனமும் வேலை இடத்தில் இன்னொரு நிறுவனமும் எடுக்கும் நிலை நம் பக்கத்தில் சாதாரணம். அப்படியானால் இரண்டு சிம் கட்டாயம். இரண்டாவது சிம்முக்கும் நினைவக அட்டைக்கும் ஒரே இடம்தானா, தனித்தனி இடமா என்பதையும் கேளுங்கள்.

மூன்றாம் படி: பணம்

கையில் உள்ள தொகையை முழுவதும் கைப்பேசிக்கே ஒதுக்காதீர்கள். உறை, திரைப் பாதுகாப்புத் தாள், பல மாடல்களில் பெட்டியில் வராத சார்ஜர் ஆகியவற்றுக்கும் செலவு இருக்கிறது. ஆப்பிள் 2020-இல் ஐபோன் 12 வந்தபோது பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்துவிட்டது. பிற நிறுவனங்கள் பலவும் அதைப் பின்பற்றின.

ஒப்பந்தத் திட்டத்தில் "இலவசமாக"க் கிடைக்கும் கைப்பேசியைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். உதாரணமாக, மாதம் 98 வெள்ளி, 24 மாதம் என்றால் மொத்தம் 2,352 வெள்ளி. இப்போது நீங்கள் முன்கட்டண சிம்முக்கு மாதம் 35 வெள்ளி செலவழிப்பவரானால் அதே காலத்தில் 840 வெள்ளிதான் ஆகும். மீதி 1,512 வெள்ளி அந்த "இலவச"க் கைப்பேசியின் விலை. கடையில் அது 1,100-க்குக் கிடைத்தால் ஒப்பந்தம் வேண்டாம். உங்களுக்கு உண்மையிலேயே கூடுதல் இணையத் தரவு தேவை என்றால் கணக்கு மாறலாம். இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைக் கையெழுத்துப் போடும் முன் தாளில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

வருமான வரி கட்டுபவர்களுக்கு ஒரு செய்தி: வாழ்க்கைமுறைச் செலவுக்கான 2,500 வெள்ளி வரை உள்ள வரி விலக்கில் திறன்பேசியும் அடங்கும். ரசீது உங்கள் பெயரில் இருக்கட்டும். ஏழு ஆண்டுகள் பத்திரமாக வைத்திருங்கள். கடை ரசீதின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும், அன்றே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: ஆயுளை வைத்து விலையைப் பாருங்கள்

இந்தப் படியை மட்டும் ஒழுங்காகச் செய்தாலும் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒரு கைப்பேசிக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும் காலம், அந்த மாடல் உலகச் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. நீங்கள் வாங்கிய நாள் கணக்கில் வராது. இரண்டு ஆண்டுகளாகக் கடையில் கிடந்த மாடலைப் பெட்டி பிரிக்காமல் வாங்கினாலும் இரண்டு ஆண்டு ஆயுள் போய்விட்டது.

நிறுவனத்துக்கு நிறுவனம், மாடலுக்கு மாடல் வித்தியாசம் பெரிது. சாம்சங் கேலக்சி ஏ15, 2023 டிசம்பரில் வந்தது. ஐந்து ஆண்டுப் பாதுகாப்புப் புதுப்பிப்பு. அடுத்து 2024 இறுதியில் வந்த ஏ16-க்கு ஆறு ஆண்டு. கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், பார்ப்பதற்கும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். ஆனால் அது பிந்தி வந்ததையும் சேர்த்துப் பார்த்தால் ஏ16-இன் ஆயுள் ஏறக்குறைய இரண்டு ஆண்டு அதிகம். விலை உயர்ந்த வரிசையில், 2024 ஜனவரியில் வந்த எஸ்24 முதல் ஏழு ஆண்டு. ஆப்பிள் இத்தனை ஆண்டு என்று பெட்டியில் எழுதுவதில்லை என்றாலும் அதன் பழைய நடப்பைப் பார்த்துக் கணிக்கலாம்: 2018-இல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ் 2025-இல் வெளியான ஐஓஎஸ் 26-இல்தான் கைவிடப்பட்டது, 2019-இன் ஐபோன் 11 அதிலும் இடம்பெற்றது. மற்ற நிறுவனங்களின் மலிவு மாடல்களில் இந்தக் காலம் இரண்டு ஆண்டும் இருக்கலாம், நான்கு ஆண்டும் இருக்கலாம். நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் அந்தக் குறிப்பிட்ட மாடலின் பெயரைப் போட்டுப் பாருங்கள். கடைக்காரரின் வாய்ச்சொல் இதற்குப் போதாது.

இப்போது கணக்கு. வாங்க ஆகும் மொத்தச் செலவை மீதமுள்ள ஆண்டுகளால் வகுங்கள். புதிய மலிவு மாடல் ஒன்று 900 வெள்ளி, ஐந்து ஆண்டு மீதி என்று வைத்துக்கொள்வோம்: ஆண்டுக்கு 180 வெள்ளி. பழைய உயர்தர மாடல் ஒன்று 1,000 வெள்ளி, பேட்டரி மாற்ற 200, மீதி இரண்டு ஆண்டு: ஆண்டுக்கு 600 வெள்ளி. பின்னது கையில் எடுத்தால் வழவழப்பாக இருக்கும், படமும் அழகாக வரும். அந்த அழகுக்கு ஆண்டுக்கு 420 வெள்ளி கொடுக்கத் தயாரா என்பதுதான் கேள்வி. தயார் என்றால் மனநிறைவோடு வாங்குங்கள், அதில் தவறே இல்லை. தெரியாமல் கொடுப்பதுதான் கூடாது.

நம் ஊர் இளைஞர்கள் அதிகம் தடுமாறும் போட்டி ஒன்றையே எடுத்துக்கொள்வோம்: பயன்படுத்திய ஐபோன் 11, புதிய கேலக்சி ஏ16 5ஜி. ஐபோன் 11-இன் சில்லு (சிப்) இன்றும் வேகமானது, வீடியோ தரமானது, ஐபி68 தர நீர்த் தடுப்பும் இருந்தது. அதில் 5ஜி கிடையாது. பேட்டரி 3110 எம்ஏஎச்தான், அதுவும் தேய்ந்திருக்கும். பழைய லைட்னிங் கம்பி வேண்டும். ஏ16-இல் 5000 எம்ஏஎச் பேட்டரி, 6.7 அங்குல அமோலெட் திரை, நினைவக அட்டைக்கு இடம், ஐபி54 அளவிலான சாரல் தடுப்பு. வேகத்திலும் படத்திலும் ஐபோனுக்கு ஈடாகாது. வீடியோ எடுத்துப் போடுவதையே தொழிலாகச் செய்யும் பிள்ளைக்கு ஐபோன் பொருந்தலாம். அதுவும் 5ஜி உள்ள ஐபோன் 12-க்கு மேல் பார்ப்பது நல்லது. காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்பும்வரை சார்ஜ் நிற்க வேண்டும், வங்கியும் வாட்ஸ்அப்பும் தடங்கலில்லாமல் ஓட வேண்டும் என்பவருக்கு நான் ஏ16-ஐத்தான் சொல்வேன்.

ஹுவாவேயைப் பற்றி ஒரு சொல். 2019-இல் அமெரிக்கா விதித்த தடைக்குப் பிறகு, மேட் 30 முதல் அதன் புதிய கைப்பேசிகள் கூகுள் சேவைகள் இல்லாமலே வருகின்றன. கேமராவும் பேட்டரியும் சிறப்பாக இருக்கும். உங்களுக்குத் தேவையான ஒவ்வொரு செயலியும், குறிப்பாக உங்கள் வங்கியின் செயலி, அதில் ஓடுகிறதா என்று கடையிலேயே நிறுவிப் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

ஐந்தாம் படி: அட்டையில் உள்ள எண்களைப் படிப்பது

"8 கூட்டல் 8 ஜிபி" என்றால் உண்மையான நினைவகம் 8 மட்டும். மற்ற 8, சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கியது. வேகம் மிகக் குறைவு. முதல் எண்ணை மட்டும் பாருங்கள். சேமிப்பிடம் 128 ஜிபிக்குக் கீழ் வேண்டாம். குடும்பப் படங்கள் அதிகம் என்றால் 256. சேமிப்பின் வகையும் முக்கியம். மலிவு மாடல்களில் இஎம்எம்சி என்ற பழைய வகை இருக்கும், யுஎஃப்எஸ் அதைவிட வேகம். இரண்டு ஆண்டு கழித்துக் கைப்பேசி திணறுவதற்கு இதுவே பெரிய காரணம், ஆனால் விலை அட்டையில் யாரும் எழுதமாட்டார்கள்.

மெகாபிக்சலை நம்பி வாங்க வேண்டாம். பின்பக்கம் மூன்று கண் இருந்தாலும் அவற்றில் ஒன்றிரண்டு 2 மெகாபிக்சல் அலங்காரமாக இருக்கும். கடையின் பளிச்சென்ற விளக்கில் எல்லாக் கேமராவும் நன்றாகத்தான் தெரியும். கடையின் இருண்ட மூலையில், நடந்து வரும் ஒருவரைப் படம் எடுங்கள். முகம் தெளிவாக இருந்தால் கோயில் திருவிழாவின் இரவு ஊர்வலத்துக்கும் அந்தக் கேமரா தாங்கும்.

திரையை வெளியே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, அவரையும் கூட நிற்கவைத்து, ஐந்தடிப் பாதையின் நிழலைத் தாண்டி நண்பகல் வெயிலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஒளியை முழுவதும் கூட்டி, ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தைத் திறந்து சிறிய எழுத்தைப் படியுங்கள். பிறகு வங்கியின் க்யூஆர் படத்தைத் திறந்து, கண்ணைச் சுருக்காமல் கட்டம் தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டு மாடல்களையும் இரு கைகளில் பிடித்து இப்படிப் பார்த்தால், எண்கள் சொல்லாததைக் கண் சொல்லிவிடும். வெளிவேலை செய்பவர்களுக்கு இது பெரிய விஷயம்.

விரல் ரேகையையும் அப்படியே சோதியுங்கள். பல ஆண்டுகள் பால்மரம் வெட்டிய கை, செம்பனைக் குலை தள்ளிய கை, இவற்றின் விரல் நுனி தேய்ந்தும் வெடித்தும் இருக்கும். சில உணரிகள் அந்த ரேகையை ஏற்பதே இல்லை. திரைக்கு அடியில் உள்ளதில் ஒன்று, பக்கவாட்டுப் பொத்தானில் உள்ளதில் ஒன்று, இரண்டிலும் உங்கள் சொந்த விரலைப் பதிந்து, பூட்டித் திறந்து பாருங்கள். அப்பாவுக்கு வாங்குகிறீர்கள் என்றால் அப்பாவை அழைத்துக்கொண்டு போங்கள். உங்கள் விரல் திறப்பதால் அவருக்குப் பயன் ஒன்றும் இல்லை.

நீர்த் தடுப்பில் ஐபி54 என்றால் சாரல் வரை. ஐபி67 என்றால் ஒரு மீட்டர் நன்னீரில் 30 நிமிடம். ஐபி68 அதற்கும் மேல், ஆழத்தை நிறுவனம் சொல்லும். பேராக் மழையில் சட்டைப் பையில் வைத்து மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்கு 67 இருந்தால் நிம்மதி. ஒருமுறை திறந்து பழுது பார்த்த கைப்பேசியில் அந்தத் தடுப்பு இருப்பதாக நினைக்காதீர்கள். தண்ணீர் புகுந்து கெட்டால் பெரும்பாலான உத்தரவாதங்களும் அதை ஏற்பதில்லை.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் தமிழ் விசைப்பலகை உண்டு. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினமும் இரண்டிலும் கிடைக்கிறது. எழுத்தளவை மிகப் பெரிதாக்கி வைத்து, வங்கிச் செயலியின் பொத்தான்கள் திரைக்கு வெளியே ஓடிவிடுகின்றனவா என்று பாருங்கள். பாட்டிக்கு வாங்கும்போது இந்தச் சோதனை கேமராவைவிட முக்கியம். ஒலிபெருக்கியின் சத்தத்தையும் கேட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: கடையில் பணம் கொடுக்கும் முன்

ஒரே மாடல் இரண்டு விலையில் கிடைக்கிறது என்றால் ஒன்று மலேசியச் சந்தைக்கு முறையாக வந்தது, மற்றது ஏபி செட் என்று கடைக்காரர்கள் சொல்லும் இணை இறக்குமதி. பின்னதற்கு உத்தரவாதம் கொடுப்பது கடை மட்டுமே, உற்பத்தி நிறுவனத்தின் சேவை மையம் ஏற்காமல் போகலாம். கடையை மூடிவிட்டால் உத்தரவாதமும் போயிற்று. "அண்ணே, இது நிறுவன உத்தரவாதமா, கடை உத்தரவாதமா?" என்று நேராகக் கேளுங்கள். விடையை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அழைப்புக்கு எண் அடிக்கும் இடத்தில் *#06# என்று அடித்தால் 15 இலக்க ஐஎம்இஐ எண் தோன்றும். அது பெட்டியில் உள்ள எண்ணோடும் ரசீதில் எழுதும் எண்ணோடும் ஒத்துப்போக வேண்டும். கடைசி நான்கு இலக்கத்தோடு நிறுத்தாமல் முழுவதும் ஒப்பிடுங்கள். மலேசியாவில் விற்கும் கைப்பேசிகளுக்குச் சிரிம் சான்றும் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் முத்திரையும் தேவை. அதைச் சரிபார்க்கச் செயலியும் இருக்கிறது.

நிறுவனத்தின் அதிகாரபூர்வச் சேவை மையம் எந்த ஊரில் என்று அதன் இணையதளத்தில் பாருங்கள். ஈப்போவில் இருந்தால் நமக்குச் சமாளிக்கக்கூடிய தூரம். பினாங்கு, கோலாலம்பூர் என்றால் இரண்டு போட்டியாளர்களில் மற்றதற்கு ஒரு புள்ளி கூடுதல். மாற்றுத் திரையின் விலையையும் உள்ளூர்ப் பழுதுபார்ப்பவரிடம் முன்கூட்டியே விசாரியுங்கள். வளைந்த திரை உடைந்தால் கைப்பேசியின் விலையில் பெரும் பகுதி போய்விடும். ஊரில் அதிகம் விற்கும் மாடலுக்கு உதிரி பாகம் எளிதில் கிடைக்கும். அபூர்வ மாடலுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரும்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று ரசீதில் அச்சிட்டிருந்தாலும் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமை, குறையுள்ள பொருளுக்கு அப்படியே நிற்கிறது. கடை கைவிரித்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளிக் கட்டணத்தோடு மனு கொடுக்கலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும், வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். நம் மக்கள் பலர் இதை அறியாமலே நட்டத்தைத் தாங்கிக்கொள்கிறார்கள்.

பயன்படுத்தியதை வாங்கினால் இன்னும் கவனம் வேண்டும். முந்தையவரின் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கு வெளியேறியிருக்க வேண்டும். உங்கள் கண்முன்னே அழித்துப் புதிதாகத் தொடங்கிக் காட்டச் சொல்லுங்கள். பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டால் வேண்டாம் என்று எழுந்துவிடுங்கள். ஐபோனில் பேட்டரி நலம் எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். பொது அமைப்புகளில் உள்ள அறிமுகப் பகுதி, எந்தப் பாகங்கள் மாற்றப்பட்டன என்பதைப் புதிய மாடல்களில் காட்டும். வெள்ளைப் படம் ஒன்றைத் திரை முழுக்க வைத்துக் கோடு, கறை இருக்கிறதா என்று தேடுங்கள். பெட்டியும் ரசீதும் இல்லாமல், பாசார் மாலாமில் அவசர விலைக்குக் கிடைக்கும் கைப்பேசி யாருடையது என்று உங்களுக்குத் தெரியாது. அதை விட்டுவிடுங்கள்.

ஏழாம் படி: மாறும் நாள்

வேலைச் சட்டப்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வந்துவிட வேண்டும் என்பதால், கடன், வாடகை, சீட்டுப் பணம் எல்லாம் அந்த நாட்களில்தான் கட்டுகிறோம். அந்த வாரத்தில் கைப்பேசி மாற்றாதீர்கள். தீபாவளிக்கு முந்தைய நாளும் வேண்டாம். காரணம், மோசடியைத் தடுக்கப் பேங்க் நெகாரா கேட்டுக்கொண்டபடி வங்கிகள் ஒரே கருவியை மட்டும் அங்கீகரிக்கின்றன; புதிய கருவியைப் பதிந்ததும் ஒரு காத்திருப்பு நேரம் உண்டு, பல வங்கிகளில் 12 மணி நேரம். அதுவரை பணம் அனுப்ப முடியாது. மாலையில் பதிந்துவிட்டுத் தூங்கினால் காலையில் தயாராகிவிடும். பழைய கைப்பேசியில் வங்கிச் செயலி ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்யுங்கள், அழித்துவிட்டுச் செய்யாதீர்கள்.

வாட்ஸ்அப்பைப் பொறுத்தவரை, ஆண்ட்ராய்டிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாறுவது எளிது; அமைப்புகளில் உரையாடல்களை இடம் மாற்றும் வசதியில் க்யூஆர் காட்டினாலே போதும். கூகுள் டிரைவில் காப்பு வைத்தால் அது இப்போது இலவச 15 ஜிபிக்குள் கணக்காகிறது என்பதை நினைவில் வையுங்கள். ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறுபவர்கள் புதிய ஐபோனைத் தொடங்கும் முதல் கட்டத்திலேயே உரையாடல்களைக் கொண்டுவர வேண்டும். தொடங்கிப் பயன்படுத்தியபின் என்றால் ஐபோனை மறுபடி அழித்துத்தான் செய்ய முடியும்.

செயலிகளை அதிகாரபூர்வக் கடையிலிருந்து மட்டும் நிறுவுங்கள். மாறும் நாளில் "உங்கள் வங்கியிலிருந்து பேசுகிறோம், இந்த ஏபிகே கோப்பை (கடைக்கு வெளியே செயலியை நிறுவும் கோப்பு) நிறுவுங்கள்" என்று யார் அழைத்தாலும் வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டதாகத் தெரிந்தால் உடனே 997-ஐ அழையுங்கள். அது தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண். வங்கியையும் அதே கையோடு அழைக்க வேண்டும்.

பழைய கைப்பேசியை இரண்டு வாரம் அலமாரியில் வைத்திருங்கள், விட்டுப்போன படமோ எண்ணோ நினைவுக்கு வரும். அதன் பிறகு கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, முழுவதும் அழித்து, யாருக்காவது கொடுங்கள் அல்லது விற்றுவிடுங்கள். கணக்கை நீக்காமல் அழித்தால் வாங்கியவருக்குப் பூட்டிய கட்டைதான் மிஞ்சும். உப்பிய பேட்டரியோடு கூடிய கைப்பேசியை வீட்டுக் குப்பையோடு சேர்த்துக் கொல்லையில் கொளுத்தாதீர்கள், வெடிக்கும். கைப்பேசிக் கடையிலோ மின்கழிவு சேகரிக்கும் இடத்திலோ கொடுத்துவிடுங்கள். அதுவரை வெயில் படாத இடத்தில், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.